கெட்டரிங்: கலத்துக்குள் ஈயம், காற்றில் ஈயம்

சென்ற ஆண்டு என் தம்பி மகன் பழைய வேன் ஒன்றை விலைக்கு வாங்கி, அதற்குள் கட்டில், சமையல் மேடை, சிறு குளிர்பதனப் பெட்டி எல்லாம் அமைத்து, ஊர் ஊராகச் சென்று தங்குவதற்கான வீடாக மாற்ற முற்பட்டான். தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்னியல் கற்பித்து ஓய்வுபெற்ற பெரியப்பா இருக்கும்போது வெளியாளை எதற்கு அழைக்க வேண்டும் என்பது அவன் எண்ணம். நானும் மகிழ்ச்சியோடு இசைந்தேன். இரண்டு மாதங்கள் வேனின் தரையில் குப்புறப் படுத்துக் கம்பி இழுத்ததில் முதுகு வலி மட்டுமன்றி, வேறொன்றும் கிடைத்தது. சார்லஸ் கெட்டரிங் என்ற மனிதரை மீண்டும் படித்துப் பார்க்கும் தூண்டுதல் அது.

வேன் வீட்டில் இரண்டு மின்கலங்கள் உண்டு. ஒன்று, இன்ஜினைக் கிளப்புவதற்கானது. ஓரிரு நொடிகளுக்குப் பல நூறு ஆம்பியர் மின்னோட்டத்தைக் கொட்டிவிட்டு ஓய்ந்துகொள்ளும். மற்றொன்று வீட்டுக்கானது. விளக்கு, மின்விசிறி, தண்ணீர் பம்பு, கைப்பேசி ஆகியவற்றுக்கு இரவு முழுவதும் சிறிது சிறிதாக மின்சாரம் தரும். முதலாவதன் ஈயத் தகடுகள் மெல்லியவை, இரண்டாவதன் தகடுகள் தடித்தவை. ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் கொடுத்தால் சீக்கிரம் கெட்டுப்போகும். ஆகவே இரண்டையும் தனித்தனியே நிறுத்தி, வண்டி ஓடும்போது மட்டும் ஒரே ஆல்டர்னேட்டரிலிருந்து இரண்டும் மின்னேற்றம் பெறுமாறு இணைக்க வேண்டும். மின்சாரத்தால் காரைக் கிளப்புவது, மின்வாரியக் கம்பி எட்டாத இடத்தில் ஒரு வீட்டைக் குறைந்த மின்னழுத்தத்தில் நடத்துவது ஆகிய இரண்டு ஏற்பாடுகளையும் நடைமுறைக்குக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு ஒரே மனிதருக்கு உரியது.

கெட்டரிங் 1876 ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் லௌடன்வில் அருகே ஒரு பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். இளமையிலிருந்தே கண்பார்வை குறைவு. கிராமப் பள்ளிகளில் சிலகாலம் ஆசிரியராக இருந்தார். ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது கண்வலி படிப்பைக் குலைத்தது. இடையில் விட்டுவிட்டுத் தொலைபேசிக் கம்பம் நடும் குழுவில் வேலைக்குப் போனார். பின்னர் திரும்பி வந்து, உடன் பயின்றோர் பாடங்களை வாசித்துக் காட்ட, கேட்டே படித்து, 1904-இல் மின்பொறியியல் பட்டம் பெற்றார்.  கம்பம் நட்ட அந்த நாள்கள் வீணாகவில்லை என்பது என் கருத்து. கம்பியைக் கையால் தொட்டு வேலை செய்தவருக்குக் காகிதத்தில் இல்லாத சில செய்திகள் தெரிந்துவிடுகின்றன.

பட்டம் பெற்றதும் டேட்டன் நகரில் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் சேர்ந்தார். கடைகளில் பணம் வாங்கிப் போடும் கல்லா எந்திரத்தை அப்போது கையால் திருகி இயக்கினார்கள். அதற்கு ஒரு மின்மோட்டார் பொருத்துவது கெட்டரிங்கின் பொறுப்பு. இடையறாது ஓடுவதற்கு ஏற்ற மோட்டாரை வைத்தால் எந்திரத்தைவிட மோட்டார் பெரிதாகிவிடும். கல்லாவோ விற்பனைக்கு ஒருமுறை, ஒரு கணம் மட்டுமே இயங்குவது. அந்த ஒரு கணத்துக்குச் சிறிய மோட்டாரின் மீது அதன் சக்திக்கு மீறிய சுமையை ஏற்றலாம்; அது சூடேறுவதற்குள் வேலை முடிந்துவிடும் என்று அவர் கண்டுகொண்டார். மாணவர்களுக்கு மோட்டார்களின் சுமைத்திறனைக் கற்பிக்கும்போது நான் பலமுறை எடுத்துச் சொன்ன உதாரணம் இது.

அந்நிறுவனத்தின் உயர் அலுவலரான எட்வர்ட் டீட்ஸ், தம் வீட்டின் பின்புறக் களஞ்சியத்தைக் கெட்டரிங்குக்குத் திறந்துவிட்டார். அங்கே சில நண்பர்கள் வேலை நேரம் போக இரவுகளில் கூடினார்கள். முதலில் உருவாக்கியது, மின்கலத்தைக் கொண்டு பொறி தரும் பற்றவைப்பு அமைப்பு. காடிலாக் கார் நிறுவனத்தின் தலைவர் ஹென்றி லீலண்ட் அதை வாங்கிக்கொண்டார். 1909-இல் கெட்டரிங் வேலையை விட்டார். டேட்டன் எஞ்சினியரிங் லேபரட்டரீஸ் கம்பெனி என்ற நீண்ட பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து டெல்கோ ஆயிற்று.

அக்காலத்துக் கார்களுக்கு முன்புறம் ஒரு இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்ற வேண்டும். நம் ஊரிலும் பழைய லாரிகளுக்கு ஹேண்டில் அடித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பொறி சற்று முந்திவிட்டால் இன்ஜின் எதிர்த்திசையில் உதைக்கும். பிடித்திருந்த கை முறியும், சிலருக்குத் தாடை உடையும். தம் நண்பர் ஒருவர் அப்படி அடிபட்டு இறந்ததால் மனம் நொந்தே லீலண்ட் கெட்டரிங்கை நாடினார் என்று கார் உலகில் சொல்வதுண்டு. இன்ஜினைச் சுழற்றும் மோட்டார் இன்ஜின் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும் என்று அறிந்தவர்கள் பலரும் கருதினர். கெட்டரிங்குக்குக் கல்லா எந்திரம் நினைவில் இருந்தது. 1911-இன் தொடக்கத்தில் காடிலாக்கில் பொருத்திக் காட்டினார். 1912-ஆம் ஆண்டுக்கான கார்கள் அந்த அமைப்போடு வந்தன.

இந்த அமைப்பின் நேர்த்தி மோட்டாரோடு நிற்கவில்லை. காரைக் கிளப்பும் அதே எந்திரம், இன்ஜின் ஓடத் தொடங்கியதும் மின்னாக்கியாக மாறி மின்கலத்துக்கு மின்சாரத்தைத் திருப்பித் தந்தது. கிளப்பும்போது கலங்கள் தொடராக இணைந்து 24 வோல்ட் தந்தன; பிறகு பக்க இணைப்புக்கு மாறி 6 வோல்ட்டில் விளக்குகளை எரித்தன. செலவழித்ததை ஓட்டத்திலேயே ஈட்டிக்கொள்ளும் ஒரு சிறு குடும்பக் கணக்கு காருக்குள் அமைந்தது. பிற்காலத்தில் 6 வோல்ட் போய் 12 வோல்ட் வந்தது. ஆயினும் இன்று எந்தக் காரின் மூடியைத் திறந்தாலும் காணக் கிடைப்பது அந்தக் கணக்குதான். கைவலிமை குறைந்தோரும் பிறர் உதவியின்றிக் காரைக் கிளப்ப முடிந்தது.

என் உள்ளத்தை அதிகம் தொட்டது அடுத்த படைப்பு. நகரங்கள் மின்விளக்கில் ஒளிர்ந்தபோது, கெட்டரிங் பிறந்தது போன்ற பண்ணை வீடுகள் மண்ணெண்ணெய் விளக்கோடு இருந்தன. தொலைவிலுள்ள சில வீடுகளுக்காகக் கம்பி இழுக்க மின்நிறுவனங்கள் விரும்பவில்லை. 1916-இல் டெல்கோ-லைட் என்ற வீட்டு மின்நிலையம் விற்பனைக்கு வந்தது. ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின் ஒன்று, அதோடு இணைந்த மின்னாக்கி, கண்ணாடி ஜாடிகளில் 16 ஈய-அமிலக் கலங்கள். கலத்துக்கு 2 வோல்ட் வீதம் 32 வோல்ட். பகலில் சில மணி நேரம் இன்ஜினை ஓட்டிக் கலங்களை நிரப்பினால் இரவு ஓசையின்றி விளக்கெரியும். அமெரிக்க அரசு ஊரக மின்மயத்துக்கென ஓர் அமைப்பை ஏற்படுத்தியது 1935-இல்தான். அப்போதும் அந்நாட்டுப் பண்ணைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்கே மின்சாரம் இருந்தது. இடைப்பட்ட இரு பத்தாண்டுகளில் கிணற்றிலிருந்து நீர் ஏற்றவும் துணி துவைக்கவும் பண்ணைப் பெண்களுக்குக் கைகொடுத்தவை இத்தகைய சிறு நிலையங்கள்.

32 வோல்ட் என்பது ஒரு சமரசம். தொட்டாலும் பொதுவாக உயிருக்கு ஊறு செய்யாது. ஆனால் அழுத்தம் குறையக் குறைய அதே திறனுக்கு மின்னோட்டம் ஏறும். என் தம்பி மகனுக்கு நான் இதைத்தான் விளக்கினேன். 120 வாட் கருவிக்கு 230 வோல்ட்டில் அரை ஆம்பியர் போதும், 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் வேண்டும். ஒரே கம்பியில் வெப்பமாக வீணாவது 350 மடங்குக்கும் மேல். ஆகவே கம்பி தடிமனாகவும் தூரம் குறைவாகவும் இருக்க வேண்டும். ஒவ்வொரு கிளைக்கும் மின்கலத்தின் அருகிலேயே ஃபியூஸ் வேண்டும்.

இத்தனையும் சொல்லிக் கொடுத்த நானே, தண்ணீர் பம்புக்கான கம்பியை அவசரத்தில் ஃபியூஸ் இன்றி இணைத்து, நாளை போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் வேனைச் சற்று ஓட்டிப் பார்த்தபோது கம்பியின் உறை தகட்டின் விளிம்பில் உரசிக் கிழிந்தது. நொடிப்பொழுதில் புகை. தம்பி மகன் இணைப்பைப் பிடுங்கி எறிந்ததால் மெத்தை தப்பியது. 12 வோல்ட் ஆளை அடிப்பதில்லை என்ற நம்பிக்கையே அந்த அலட்சியத்துக்குக் காரணம். அது ஆளை அடிப்பதில்லை, வண்டியைக் கொளுத்திவிடும்.

கெட்டரிங்கின் கதை திரும்புவதும் இந்த வீட்டு மின்நிலையத்திலிருந்தே. பெட்ரோலால் தீ அபாயம் உண்டு என்பதால் டெல்கோ-லைட் இன்ஜினை மண்ணெண்ணெயில் ஓட்ட வேண்டியிருந்தது. மண்ணெண்ணெயிலோ இன்ஜின் கடுமையாகத் தட்டியது. பட்டறைகளில் நாக்கிங் என்பார்களே, அதுதான். எரிபொருள் சீராக எரியாமல் சிலிண்டருக்குள் வெடிப்பதால் எழும் ஓசை அது. திறன் குறையும், உறுப்புகள் சேதமாகும். கார்களின் தட்டலுக்கும் டெல்கோவின் பற்றவைப்பே காரணம் என்று பழி விழுந்திருந்தது. 1916-இல் தம்மிடம் சேர்ந்த இளம் பொறியாளர் தாமஸ் மிட்ஜ்லியிடம் கெட்டரிங் இந்தச் சிக்கலை ஒப்படைத்தார். அயோடின் கலந்தால் தட்டல் குறைவது தெரிந்தது. ஆனால் அது விலை மிகுந்தது, உலோகத்தை அரிப்பது. தேடல் பல ஆண்டுகள் நீண்டது. இதற்கிடையே டெல்கோ கைமாறி ஜெனரல் மோட்டார்ஸின் பகுதியாயிற்று. 1920 முதல் அந்நிறுவனத்தின் ஆய்வுத் துறைக்குக் கெட்டரிங் தலைமை ஏற்றார். 1921 டிசம்பரில் விடை கிடைத்தது. டெட்ரா எத்தில் ஈயம் என்ற திரவத்தைப் பெட்ரோலில் சிறிதளவு கலந்தால் போதும், தட்டல் அடங்கிவிடும்.

எத்தனால் கலந்தாலும் தட்டல் அடங்கும் என்பதை அந்த ஆய்வுக்கூடம் அறிந்தே இருந்தது. இன்று நம் பெட்ரோலில் 20 சதவீதம் கலக்கப்படுகிறதே, அதே எத்தனால். ஆனால் அதை நிறைய சேர்க்க வேண்டும், எவரும் காய்ச்சலாம், தனியுரிமையும் கிடையாது. ஈயக் கலவைக்கோ காப்புரிமை உண்டு. 1923 பிப்ரவரியில் டேட்டன் நகரில் விற்பனை தொடங்கியது. விற்ற பெயர் எத்தில். ஈயம் என்ற சொல் அதில் இல்லை. அதே ஆண்டின் தொடக்கத்தில் மிட்ஜ்லியே ஈய நஞ்சால் பாதிக்கப்பட்டு ஓய்வுக்குச் சென்றிருந்தார். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் இந்தத் திரவத்தைத் தயாரித்த தொழிலாளர்களில் ஐவர் சித்தம் கலங்கி இறந்தனர். முப்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தனர். அப்போது எத்தில் நிறுவனத்தின் தலைவர் கெட்டரிங்.

விற்பனை நிறுத்தப்பட்டு, 1925 மே மாதம் வாஷிங்டனில் அரசு ஒரு மாநாடு கூட்டியது. தொழிற்சாலை நஞ்சுகளை ஆராய்ந்த மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன், ஈயத்தைத் தெருக்களில் பரப்பக் கூடாது என்று வாதாடினார். கெட்டரிங் தம் கண்டுபிடிப்பின் பக்கம் நின்றார். மறு ஆண்டு விற்பனை மீண்டும் தொடங்கிற்று. பின்னர் பல பத்தாண்டுகள், ஈயத்தின் ஆபத்து குறித்த ஆய்வுகள் பெரிதும் அத்தொழிலின் பணத்திலேயே நடந்தன. சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் அவ்வாய்வுகள் நடந்த கூடத்துக்கும் கெட்டரிங்கின் பெயர்தான். பூமியின் வயதைக் கணித்த கிளேர் பேட்டர்சன் 1965-இல் உலகின் காற்றும் கடலும் ஈயத்தால் மாசுபட்டிருப்பதை எடுத்துரைத்த பின்னரே பிடி தளரத் தொடங்கியது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் குன்றச் செய்கிறது என்பது இன்று ஐயமற்ற செய்தி.

கெட்டரிங்கைக் கொடியவராகக் காட்டுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. டீசல் ரயில் இன்ஜின், காரின் விரைந்து உலரும் வண்ணப்பூச்சு என அவர் கை படாத துறை குறைவு; காப்புரிமைகள் 180-க்கும் மேல். 1945-இல் நியூயார்க்கில் அமைந்த ஸ்லோன்-கெட்டரிங் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அவர் பெயரையும் தாங்கியது. ஆனால் மன்னித்துக் கடந்துவிடவும் மனம் ஒப்பவில்லை. கண்ணாடி ஜாடிக்குள் ஈயத்தை அடைத்து, கசியாமல் மூடி, குறைந்த அழுத்தத்தில் பண்ணை வீட்டுக்கு அனுப்பியவர் அவர். கைப்பிடி உதைத்து ஒருவரின் கை முறிவது கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கு மாற்றுத் தேடினார். தெருவில் நடக்கும் குழந்தையின் இரத்தத்தில் ஈயம் சேர்வது கண்ணுக்குத் தெரியவில்லை. தெரிந்து சொன்னவர்கள் இருந்தார்கள் என்பதுதான் வருத்தம். அவர் 1958 நவம்பர் 25 அன்று டேட்டனில் காலமானார். உலகெங்கும் ஈயப் பெட்ரோல் அப்போது தடையின்றி விற்றுக்கொண்டிருந்தது.

வேனில் ஒவ்வொரு கிளைக்கும் ஃபியூஸ் போட்டு முடித்தபின் பழைய மின்கலத்தைக் கடையில் கொடுத்தோம். தராசில் வைத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று புதியதன் விலையில் கழித்துக்கொண்டார்கள். அன்று மாலை வேறொரு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். இந்தியாவில் ஈயப் பெட்ரோல் நின்றது 2000-இல். அதற்கு முந்தைய 20 ஆண்டுகள் நான் ஸ்கூட்டரில் வேலைக்குச் சென்றேன். ஆண்டுக்கு 200 லிட்டர், லிட்டருக்கு 0.15 கிராம் ஈயம் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் 600 கிராம் வருகிறது. பெரும்பகுதி புகையோடு வெளியே போயிருக்கும். என் பிள்ளைகள் இருவரும் அந்த வண்டியின் முன்பக்கம் நின்றபடி பள்ளிக்கு வந்த ஆண்டுகள் அவை.