பரதநாட்டிய 'டெம்பிள் செட்' எவ்வளவு பழசு? ருக்மிணி தேவி அருண்டேலின் கதை

ஆண்டு விழா, அரங்கேற்றம்னு வந்துட்டா போதும், சிவப்புக் கல்லும் பச்சைக் கல்லும் வச்ச ஒரு நகைப்பெட்டி வீட்டுக்கு வந்துடும். மயிலாப்பூரில் மட்டுமல்ல, ஆலை வேலையை நம்பிக் குடிவந்தவர்கள் நிறைந்த இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் இதே செட்தான். தலைசாமான், ராக்கொடி, சூரியன், சந்திரன், மாட்டல், அட்டிகை, ஒட்டியாணம்.

பார்த்தால் சோழர் காலத்து நகை போல இருக்கும். ஆனா, நடன மேடைக்கான 'யூனிஃபார்ம்' மாதிரி இது பரவி நூறு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குப் பின்னால் இருக்கும் முக்கியமான பெயர், ருக்மிணி தேவி அருண்டேல்.

யார் இவர்?

1904 பிப்ரவரி 29-ல் மதுரையில் பிறந்தவர். அப்பா நீலகண்ட சாஸ்திரி, பொறியாளர். பிரம்மஞான சபை ஈடுபாட்டால் குடும்பம் அடையாறுக்கு வந்தது. 1920-ல், 16 வயதில், தன்னைவிட 25 வயதுக்கும் மேல் மூத்த ஆங்கிலேயர் ஜார்ஜ் அருண்டேலைத் திருமணம் செய்தபோது மெட்ராஸே கொந்தளித்தது.

1928-ல் ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் அறிமுகம் கிடைத்தது. முதலில் கற்றது பாலேதான். பிறகுதான் சதிர் பக்கம் திரும்பினார். மயிலாப்பூர் கௌரி அம்மாள், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஆகியோரிடம் கற்று, 1935 டிசம்பரில் அடையாறில் பிரம்மஞான சபையின் வைர விழாவில் ஆடினார். அடுத்த மாதமே கலாக்ஷேத்ரா பிறந்தது.

நகை எங்கே மாறியது?

சதிர் ஆடிய தேவதாசிகள் பலர் அணிந்தது அசல் பொன்னும் கல்லும். அது அவர்களுடைய சொத்து. ருக்மிணி தேவி கோயில் சிற்பங்களைப் பார்த்து உடையையும் நகையையும் மாற்றியமைத்தார். இத்தாலியத் தையற்கலைஞர் ஒருவரின் உதவியோடு, விசிறி மடிப்பு வைத்துத் தைத்த உடை வந்தது. அதோடு கெம்புக்கல் நகையும் மேடையில் நிலைத்தது. ஒரு விஷயம்: ராக்கொடியையோ ஜடைநாகத்தையோ அவர் கண்டுபிடிக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டுப் புகைப்படங்களிலேயே தேவதாசிகள் தலையில் அவை இருக்கின்றன. அவர் செய்தது தேர்வும் ஒழுங்கும்.

இதில் வலியும் உண்டு. 1947-ல் மெட்ராஸ் மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. தலைமுறை தலைமுறையாக அசல் நகையோடு ஆடிய குடும்பங்கள் பல மேடையை விட்டு விலக, கவரிங் அணிந்த புதிய தலைமுறை ஏறியது. ருக்மிணி தேவி கலையைக் காப்பாற்றினாரா, கைமாற்றினாரா? இந்த வாதம் இன்னும் ஓயவில்லை. இரண்டுமே நடந்தது என்பதுதான் நேர்மையான பதில் என்று தோன்றுகிறது.

1952-ல் மாநிலங்களவை நியமன உறுப்பினர், 1956-ல் பத்ம பூஷண். 1960-ன் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு அவர் கொண்டுவந்த மசோதாவே தொடக்கம். 1977-ல் மொரார்ஜி தேசாய் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நிற்கக் கேட்டார், மறுத்துவிட்டார். 1986 பிப்ரவரி 24-ல் காலமானார்.

சரி, உங்க வீட்டு செட்டுக்கு என்ன வயசு?

டிசைனை வைத்துச் சொல்ல முடியாது. அதே அன்னம், அதே தாமரை இப்பவும் செய்கிறார்கள். முன்பக்கத்தை விட்டு, பின்பக்கத்தைத் திருப்புங்க.

நாகர்கோவில் வடசேரியில் செய்யும் மரபு நகை, வெள்ளியில் கட்டி, உள்ளே அரக்கு நிரப்பி, கல்லைப் பதித்து, தங்கத் தகடு போர்த்தியது. புவிசார் குறியீடு பெற்றது. தேய்ந்த இடத்தில் வெண்மை தெரிந்தால் அடியில் வெள்ளி, செம்மை தெரிந்தால் செம்பு. கல் ஒன்றுக்கொன்று சின்னதும் பெரியதுமாக இருந்து, விளிம்பு உலோகம் கல்லைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தால் அது கைவேலை. கல்லைச் சுற்றிப் பசை தெரிந்தால் சமீபத்திய மலிவு வேலை.

ஆனா வெள்ளி என்பதாலேயே பழசு என்று நம்பிடாதீங்க. வடசேரியில் இன்றும் வெள்ளியில் செய்கிறார்கள். கொக்கி, திருகாணி, கயிறு கோக்கும் வளையம் ஆகியவற்றின் தேய்மானத்தைப் பாருங்க. அடிக்கடி மாட்டிக் கழற்றிய நகையில் அங்கேதான் முதலில் உலோகம் மெலியும். பாட்டியோ அம்மாவோ அதே நகையோடு எடுத்த, தேதி தெரிந்த போட்டோ ஒன்று இருந்தால், கடைக்காரர் சொல்லும் 'ஆன்டிக்' கதையைவிட அது பெரிய சாட்சி.