எரிக் லிடல்

சீன நாட்டுத் தியன்சின் நகரில், ஸ்காட்லாந்திலிருந்து சென்ற சமயத் தொண்டர்க்கு மகனாய் 1902ஆம் ஆண்டில் பிறந்தவர் எரிக் லிடல். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பயின்ற காலத்தே அவர் ஓட்டத்தில் வல்லவராய் விளங்கினார். 1923ஆம் ஆண்டில் 100 கஜத் தொலைவை 9.7 நொடியில் ஓடிப் பிரிட்டனில் முதல்வரானார்.

அடுத்த ஆண்டில் பாரிஸ் மாநகரில் ஒலிம்பிக் போட்டிகள் நிகழ்ந்தன. 100 மீட்டர் ஓட்டத்தில் லிடல் வெல்வார் என்று பலரும் நம்பியிருந்தனர். ஆனால், அதன் முதற்சுற்று ஞாயிற்றுக்கிழமையில் அமைந்தது. அந்நாள் இறைவழிபாட்டுக்கே உரியது என்பது அவர்தம் கொள்கை. ஆதலின் அவ்வோட்டத்தினின்றும் விலகினார். நாட்டின் புகழினும் ஒருவர்தம் நோன்பு பெரிதோ எனக் குறை கூறினாரும் உளர். லிடல் எவரையும் கடிந்திலர். தமக்குப் பழக்கம் குறைந்த 400 மீட்டர் ஓட்டத்தில் பயிற்சி கொண்டார், அதனை 47.6 நொடியில் ஓடித் தங்கப் பதக்கம் பெற்றார்.

புகழ் பெருகிய அந்நிலையில், 1925ஆம் ஆண்டில் தாம் பிறந்த தியன்சினுக்கே திரும்பி, ஆங்கொரு கல்லூரியில் ஆசிரியரானார். இரண்டாம் உலகப் போரின்போது, 1943ஆம் ஆண்டில் ஜப்பானியர் அவரை வெய்சியன் முகாமில் அடைத்தனர். அம்முகாமிலிருந்த சிறுவர்கள் ஞாயிற்றுக்கிழமையில் மேற்பார்ப்பாரின்றி விளையாடித் தம்முட் பூசலிட்டனர். அது கண்ட லிடல், அந்நாளிலும் அவர்கள் ஆட்டத்திற்கு நடுவராய் நின்றார். தங்கப் பதக்கத்திற்காகத் தளர்த்தாத நோன்பைப் பிள்ளைகளின் நலங்கருதித் தளர்த்தினார். 1945ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மூளைக்கட்டியால் அம்முகாமிலேயே உயிர் நீத்தார்.

தம் புகழுக்காகக் கொள்கையை நெகிழ்த்தாமையும், பிறர் நலத்துக்காக நெகிழ்த்துதலும் ஒருங்கே உடையார்க்கே கொள்கை அணியாகும்.