ஜோர்ஜ் ஸ்மித்: 10 பவுண் அனுமதிப்பத்திரமும் இரண்டு கைத்துப்பாக்கிகளும்

விஸ்கிப் போத்தல்கள் அடுக்கிய கடைத்தட்டில் கிளென்லிவெட் என்ற பெயரைப் பார்க்காதவர்கள் நம்மிடையே குறைவு. எங்கள் கலியாண வீடுகளிலும் பிறந்தநாள் விழாக்களிலும் அது வந்து நிற்கிறது. குடிப்பவர் குடிக்கட்டும், குடிக்காதவர் விடட்டும். அந்தப் பெயருக்குப் பின்னால் உள்ள மனிதரின் கதையை இரு தரப்பும் அறியலாம். கணக்கும் வரியும் பார்த்துப் பிழைக்கும் எனக்கு அது முதலில் ஒரு வரிக் கதையாகத்தான் தென்பட்டது.

ஜோர்ஜ் ஸ்மித் 1792இல் ஸ்கொட்லாந்தின் வடகிழக்கே, லிவெட் ஆறு ஓடும் பள்ளத்தாக்கில் அப்பர் டிரமின் என்ற பண்ணையில் பிறந்தார். குடும்பத்தின் பழைய பெயர் கௌ என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவந்த கதை. 1746இல் கலோடன் போரில் தோற்ற பக்கத்தில் நின்ற முன்னோர் ஒருவர், உயிர் தப்பி இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து பெயரை மாற்றிக்கொண்டாராம். கேலிக் மொழியில் கௌ என்றாலும் ஆங்கிலத்தில் ஸ்மித் என்றாலும் கொல்லன்தான். பொருளை வைத்துக்கொண்டு மொழியை மட்டும் மாற்றியிருக்கிறார். ஊர் விட்டு வந்து பெயரில் பாதியைத் தொலைத்த எங்களுக்கு இது புதிதல்ல.

ஸ்மித் கட்டடத் தொழில் பழகியவர். 1817இல் தந்தை இறந்ததும் பண்ணையைப் பொறுப்பெடுத்தார். பண்ணையோடு வடிப்பும் சேர்ந்தே வந்தது. எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் கசிப்புக் காய்ச்சுவது. அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 200 கள்ளப் பானைகள் இருந்தன என்பார்கள். குளிரும் மேடும் நிறைந்த நிலத்தில் விளைந்த பார்லியை விஸ்கியாக்கி விற்றால்தான் குத்தகைப் பணம் கட்ட முடியும். நிலப்பிரபுக்களுக்கும் அது தெரியும். பணம் வரும்வரை அவர்கள் கண்டுகொள்ளவில்லை.

இவ்வளவு கள்ளப் பானைகள் ஏன் வந்தன? 1784ஆம் ஆண்டுச் சட்டம் ஸ்கொட்லாந்தின் குறுக்கே ஒரு கோடு போட்டு, மேட்டுநிலத்துக்கு ஒரு வரி, தாழ்நிலத்துக்கு ஒரு வரி என்று பிரித்தது. பின்னர் தாழ்நிலத்திலும் எவ்வளவு வடித்தாய் என்று கேட்கவில்லை. பானையின் கொள்ளளவை அளந்து வரி போட்டார்கள். வடிசாலைக்காரர் உடனே கணக்குப் பார்த்தார்கள். அகலமான, ஆழமில்லாத பானைகளைச் செய்து, பெருநெருப்பு வைத்து, ஒரே நாளில் பலமுறை வடித்தார்கள். முளைகட்டிய பார்லிக்கும் வரி இருந்ததால் முளைகட்டாத தானியத்தையும் கலந்தார்கள். சரக்கு நிறைய வந்தது, ஆனால் கரகரப்பாக இருந்தது.

மலையில் ஒளிந்து காய்ச்சியவருக்கு அந்த அவசரம் இல்லை. சிறிய செம்புப் பானை, பீட் எனப்படும் சதுப்புநிலக் கரிமண்ணின் புகையில் காயவைத்த முளைப்பார்லி, மெதுவான நெருப்பு. அதனால் சுவை கூடியது. ஒரு பிரதேசத்தின் சுவை மண்ணாலும் நீராலும் வருகிறது என்று பெருமையாகச் சொல்கிறோம். வரி அதிகாரியின் அளவுகோலுக்கும் அதில் பங்கு உண்டு என்பதை யாரும் போத்தலில் எழுதுவதில்லை.

1822இல் நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது விரும்பிக் குடித்தது கிளென்லிவெட் விஸ்கிதான். மன்னரின் சட்டப்படி அது கள்ளச் சரக்கு. அடுத்த ஆண்டு சட்டம் மாறியது. வருடம் 10 பவுண் கட்டினால் அனுமதிப்பத்திரம். வடித்த சாராயத்தின் மீதான வரியும் பாதிக்கு மேல் குறைந்தது. அந்த மாற்றத்துக்காக வாதாடியவர்களில் ஸ்மித்தின் நிலப்பிரபுவான கோர்டன் டியூக் முக்கியமானவர். 1824இல் அந்தப் பள்ளத்தாக்கிலேயே முதல் ஆளாக ஸ்மித் அனுமதிப்பத்திரம் எடுத்தார்.

அயலவர்கள் கொதித்துப் போனார்கள். வடிசாலையையும் அவரையும் சேர்த்து எரிப்போம் என்று மிரட்டினார்கள். வெறும் பேச்சல்ல. அதே காலத்தில் டீ ஆற்றங்கரையில் ஒரு வடிசாலை உண்மையிலேயே எரிக்கப்பட்டது. அவர்களைக் கெட்டவர்கள் என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை. ஒருவர் சட்டத்துக்குள் போனால் மற்றவர்களைத் தேடி மதுவரிக்காரர் வருவார்கள், குத்தகை கட்ட வேறு வழி இல்லை என்பது அவர்களது பயம். அபர்லூர் நிலப்பிரபு ஸ்மித்துக்கு இரண்டு கைத்துப்பாக்கிகளைக் கொடுத்தார். பல ஆண்டுகள் அவை இல்லாமல் அவர் வெளியே போகவில்லை. அவரைப் பார்த்து அனுமதி பெற்ற வேறு சிலர் மிரட்டலுக்குப் பயந்து தொழிலை விட்டார்கள். இவர் நின்றார்.

பின்னர் எடின்பரோவின் அண்ட்ரூ அஷர் அவரது சரக்கின் முகவரானார். அஷர் 1853இல் பல பீப்பாக்களின் கிளென்லிவெட்டைக் கலந்து விற்கத் தொடங்க, பெயர் தூரம் போனது. 1850களின் முடிவில் ஸ்மித், மகன் ஜோன் கோர்டன் ஸ்மித்தோடு மின்மோரில் பெரிய வடிசாலை கட்டினார். ஜோசிஸ் வெல் என்ற ஊற்றின் கனிமம் நிறைந்த நீர் இன்றும் அங்கே பயன்படுகிறது. நீண்ட கழுத்துள்ள வடிகலன்களில் ஏறி இறங்கும் ஆவி, பழவாசனையோடு லேசான விஸ்கியாகிறது. 1863இல் ஸ்பே ஆற்றோரம் ரயில் வந்து நிலக்கரி மலிவானதும் அந்தப் பிரதேசத்தில் பீட் புகை மெல்ல மெல்லக் குறைந்தது. மரம் அரிதாகி பீட் நிறைந்த ஐலா தீவில் புகைவாசனை நிலைத்தது. லஃப்ரோய்க்கில் வரும் அந்த மருந்து நெடியும் கிளென்லிவெட்டின் மென்மையும் ஒரே நாட்டுச் சரக்குகள்தான்.

ஸ்மித் 1871இல் இறந்தார். அதற்குள் சுற்றுவட்டார வடிசாலைகள் பல கிளென்லிவெட் பெயரைத் தங்களுடையதோடு ஒட்டிக்கொண்டன. மகன் வழக்குப் போட்டார். 1884இல் தீர்வு வந்தது. தனியே த கிளென்லிவெட் என்று சொல்லும் உரிமை ஸ்மித் குடும்பத்துக்கு. மற்றவர்கள் தங்கள் பெயருக்குப் பின்னால் இணைகோடு போட்டுத்தான் சேர்க்கலாம். உயிருக்காகச் சொந்தப் பெயரை விட்டதாகச் சொல்லும் குடும்பம், ஊரின் பெயருக்காக வழக்காடி வென்றது.

சுயதொழில் செய்யும் எங்கள் ஆட்கள், கணக்கைப் பதிவதா விடுவதா என்று தயங்கி என் மேசைக்கு முன்னால் இருக்கும்போது ஸ்மித்தை நினைத்துக்கொள்வேன். அவர் துணிச்சல்காரர், சந்தேகமில்லை. ஆனால் 10 பவுண் சட்டம் வருவதற்கு முன்பு அவரும் கள்ளப் பானைக்காரர்தான். கட்டக்கூடிய வரி வந்த பிறகே அவரது நேர்மைக்கு இடம் கிடைத்தது.