தேயிலையை நட்டவரும் கோப்பியைத் தின்ற கடனும்

1892 மே 2ஆம் திகதி, தெல்தோட்டைக்கு அப்பாலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் இறந்தார். வயது 57. நூறு கிலோவைத் தாண்டிய அந்தப் பெரிய உடலை 24 தொழிலாளர்கள் இரண்டு அணிகளாக மாறி மாறிச் சுமந்து, மலைப்பாதை வழியே கண்டிக்குக் கொண்டுவந்தார்கள். மஹியாவ மயானத்தில் அவர் புதைக்கப்பட்டார். இலங்கைத் தேயிலையின் முன்னோடி என்று பாடப்புத்தகங்கள் அவரைச் சொல்கின்றன. ஆனால் இறக்கும்போது அவர் வேலை பறிக்கப்பட்டவராக இருந்தார். ஆறு மாத விடுப்பில் போகும்படி கம்பனி சொன்னது, அவர் மறுத்தார், கம்பனி அவரை விலக்கியது. அந்தக் கம்பனி, திவாலான ஒரு வங்கியின் மிச்சத்திலிருந்து பிறந்தது.

டெய்லர் ஸ்கொட்லாந்தில் 1835இல் சாதாரண குடும்பமொன்றில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். 17 வயது நிறைவதற்கு முன், 1852இல், மூன்று வருட ஒப்பந்தத்தில் கோப்பித் தோட்டமொன்றின் உதவித் துரையாக இங்கே வந்து இறங்கினார். அதன் பின் தன் ஊருக்குத் திரும்பவே இல்லை. தீவை விட்டு வெளியே போனது ஒரே ஒரு தடவைதான். 1874இல் தேயிலை பற்றிக் கற்றுக்கொள்ள டார்ஜிலிங் சென்றார்.

அவர் வந்த காலத்தில் கண்டிச் சீமை கோப்பியால் செழித்திருந்தது. அந்தச் செழிப்பு கடனில் நின்றது. லண்டன் பணம் வங்கிக்கு வந்தது. வங்கியிலிருந்து கொழும்பு முகவர் நிறுவனங்களுக்கும், அங்கிருந்து துரைக்கும் போனது. துரை கங்காணிக்கு முற்பணம் கொடுத்தார். அந்த முற்பணத்தில்தான் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து நம்மவர்கள் அழைத்து வரப்பட்டார்கள். வழிச்செலவும் அரிசிக் காசும் அவர்கள் பெயரில் கடனாக எழுதப்பட்டன. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதென்றால், கடன் தொகை எழுதிய துண்டுச் சீட்டு வேண்டும். புதிய தோட்டம் அதைக் கட்டினால்தான் விடுதலை. அந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சங்கிலியின் மேல்முனையில் வங்கி, கீழ்முனையில் கொழுந்துக் கூடைக்கு முந்திய கோப்பிக் கூடை.

1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. விளைச்சல் விழுந்தது. வட்டி விழவில்லை.

இதை ஒரு கணக்கால் பார்க்கலாம். ஒரு தோட்டம் 1,000 பவுணை நூற்றுக்கு 10 வட்டிக்கு வாங்கியது என்று வைத்துக்கொள்வோம். வருட வட்டி 100 பவுண். அறுவடை 500 பவுணுக்குப் போனால், வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு வட்டிக்குப் போகும். அறுவடை 200 பவுணாகக் குறைந்தால், பாதி வட்டிக்கே போய்விடும். பத்திரத்தில் எழுதிய வீதம் 10 ஆகவேதான் இருக்கிறது. சுமை மட்டும் இரண்டரை மடங்காகிவிட்டது. வட்டி வீதம் உயராமலே கடனாளி மூழ்க முடியும்.

டெய்லர் அந்த நோய்க்கு முன்பே, 1867இல், லூல்கந்துரவின் ஏழாம் இலக்க மலையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். தொடக்கத்தில் பங்களா விறாந்தையே தொழிற்சாலை. மேசையில் கையாலேயே கொழுந்தைச் சுருட்டினார்கள். 1873இல் வெறும் 23 இறாத்தல் தேயிலை லண்டனுக்குப் போனது. தொழில்நுட்பம் தெரிந்துவிட்டது, சந்தையும் இருந்தது. அப்படியிருந்தும் பல துரைமாரால் தேயிலைக்கு மாற முடியவில்லை. தேயிலைச் செடி பலன் தர மூன்று, நான்கு வருடங்கள் எடுக்கும். வட்டி அதுவரை காத்திருக்காது. கடன் குறைந்தவரும் கைப்பணம் உள்ளவரும் மாறினார்கள். மற்றவர்களின் தோட்டங்கள் கடன் கொடுத்தவரிடம் போய்ச் சேர்ந்தன.

அப்படிச் சேர்ந்த தோட்டங்கள் வங்கியையே இழுத்து விழுத்தின. ஒரியண்டல் வங்கி இலங்கையில் பெரும்பாலும் ஒரே பயிரின் மேல்தான் கடன் கொடுத்திருந்தது. பயிர் செத்தபோது ஈடாக வைத்த காணிகளின் விலையும் ஒன்றாகச் செத்தது. 1884 மே மாதத் தொடக்கத்தில் வங்கி கதவை மூடியது. அதன் நோட்டுகள் அப்போது இலங்கையில் பணமாகக் கைமாறிக்கொண்டிருந்தன. ஒரே நாளில் அவை வெறும் காகிதமாகும் நிலை வந்தது. ஆளுநர் ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசு பொறுப்பேற்கும் என்று அறிவித்ததால் பீதி அடங்கியது. அதன் பின் நோட்டு வெளியிடும் பொறுப்பையே அரசு எடுத்துக்கொண்டது. கைவிடப்பட்ட தோட்டங்களில் கூலி கிடைக்காமல் நின்ற தொழிலாளருக்கு மீட்பு தாமதமாகவே வந்தது. தோட்டத்தின் மீதான கடன்களில் தொழிலாளியின் கூலியே முதலாவது என்பதை 1889ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்தது.

வங்கியிடம் சிக்கிய தோட்டங்களை நடத்த ஒரியண்டல் பாங்க் எஸ்டேட்ஸ் கம்பனி உருவானது. லூல்கந்துரவும் அதன் கைக்குப் போனது. நாற்பது வருடம் அந்த மலையில் வாழ்ந்த டெய்லர் அதன் உரிமையாளராக ஒருபோதும் இருந்ததில்லை. கடைசி வரை சம்பளக்காரர். தொழிலாளர்கள் அவரைச் சாமித் துரை என்று அழைத்தார்கள். ஆனால் அவர் நட்ட செடியைப் பறித்த கைகளின் பெயர்கள் எந்தக் கல்லறையிலும் இல்லை.

இந்தக் கதை பழசு, கணக்கு பழசல்ல. போருக்குப் பிறகு வடக்கு கிழக்கிலும், பின்னர் தோட்டங்களிலும் நுண்கடன் கம்பனிகள் வாசல் வரை வந்தன. 52,000 ரூபாய், வருட வட்டி 20 வீதம் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று வைப்போம். வட்டி 10,400. மொத்தம் 62,400, கிழமைக்கு 1,200. முதலில் ஒவ்வொரு கிழமையும் கரைந்துகொண்டே போகிறது, வட்டியோ முழுத் தொகைக்கும் போடப்பட்டிருக்கிறது. ஆகவே உண்மையில் கட்டும் வீதம் சொன்னதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. 2018இல், வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் வந்தது.

2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 புள்ளிகள் உயர்த்தியது. அந்த செப்டம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. அடுத்த செப்டம்பரில் அது 1.3 வீதம். முதல் வருடத்தில் உயர்ந்த வட்டிக்குக் கடன் எழுதி, அதே வீதத்தை இரண்டாம் வருடமும் கட்டியவருக்கு, கோப்பித் துரைக்கு நடந்ததே நடந்தது. எண் அப்படியே நின்றது; பாரம் கூடியது.

கையெழுத்திடும் முன் எத்தனை வீதம் என்று மட்டும் கேட்டால் போதாது. எந்தத் தொகைக்கு வட்டி போடுகிறார்கள், வருமானம் பாதியானால் தவணை என்னவாகும் என்பதையும் கேட்க வேண்டும். 1884இல் விழுந்த வங்கியின் இடத்தில் வந்த புதிய ஒரியண்டல் வங்கியும் நிலைக்கவில்லை. டெய்லரைப் புதைத்து ஒரு மாதம் கழித்து, 1892 ஜூனில், அதுவும் கதவை மூடியது.