அணுவின் காலடியைக் காட்டிய வில்சன்

ஓர் ஊசி முனையில் கோடிக்கணக்கான அணுக்கள் அடங்கிவிடும். அந்த அணுவுக்குள்ளிருந்து சிதறி வரும் துகளோ அணுவைக் காட்டிலும் பல்லாயிரம் மடங்கு சிறியது. ரேடியத்திலிருந்து புறப்படும் துகள் ஒரு நொடிக்குப் பதினையாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. கண் இமைப்பதற்குள் ஓடி மறைந்துவிடும் இதைக் கண்ணால் காண முடியுமா?

முடியும் என்று காட்டினார் ஒருவர். துகளை அவர் பிடித்துவிடவில்லை. அது நடந்து போன பாதையைப் படம் பிடித்துக் காட்டினார். அதற்கு அவர் துணையாகக் கொண்டது என்ன தெரியுமா? மேகம்!

அவர்தாம் சார்லஸ் தாம்சன் ரீஸ் வில்சன் என்னும் விஞ்ஞானி.

கல்கத்தாவிலிருந்து வந்த பணம்

ஸ்காட்லாந்து நாட்டில், எடின்பரோ நகருக்கு அருகே க்ளென்கோர்ஸ் என்ற ஊரில், ஒரு பண்ணை வீட்டில் 1869-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந் தேதி வில்சன் பிறந்தார். தந்தை ஆடு மாடு வளர்த்து வந்த விவசாயி.

வில்சனுக்கு 4 வயதானபோது தந்தை காலமானார். தாயார் குழந்தைகளை அழைத்துக்கொண்டு இங்கிலாந்தில் உள்ள மான்செஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்தார். படிக்க வைக்கும் அளவுக்கு வசதி இல்லை.

அப்போது கை கொடுத்தவர் மூத்த தாரத்து மகனான அண்ணன் வில்லியம். அவர் நம் நாட்டில், கல்கத்தாவில் வியாபாரம் செய்து வந்தார். தம் சம்பாத்தியத்தில் ஒரு பகுதியைத் தம்பியின் படிப்புக்கு அனுப்பினார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளை இல்லையே என்று அவர் வேற்றுமை பாராட்டவில்லை.

வில்சன் முதலில் டாக்டராக வேண்டும் என்றுதான் எண்ணினார். 1888-ல் உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவர் மனம் பௌதிகத்தின் பக்கம் திரும்பிவிட்டது. 1892-ல் பட்டம் பெற்றார். பிறகு சிறிது காலம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்தார்.

மலை உச்சியில் 2 வாரம்

பிரிட்டனிலேயே உயரமான மலை பென் நெவிஸ். உயரம் 1,345 மீட்டர். அந்நாளில் அதன் உச்சியில் ஒரு வானிலை ஆராய்ச்சி நிலையம் இருந்தது. 1894-ம் ஆண்டு செப்டம்பர் மாதம், தாற்காலிக வேலையாக 2 வாரம் வில்சன் அங்கே தங்கினார்.

காலை வேளையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். காலுக்குக் கீழே மேகக் கூட்டம் கடல்போல் பரந்து கிடக்கும். அந்த மேகத்தின்மீது மலையின் நிழல் விழும். நிழலைச் சுற்றி வானவில்லைப் போல வர்ண வளையங்கள் தோன்றும்.

அந்த அழகு வில்சனின் உள்ளத்தைக் கொள்ளைகொண்டது. இதே மேகத்தை ஆராய்ச்சிசாலையில் உண்டாக்கிப் பார்த்தால் என்ன என்று நினைத்தார். அவருடைய வாழ்நாள் வேலை அந்த நினைப்பிலிருந்து தொடங்கியது.

ஜாடிக்குள் மேகம்

சைக்கிள் டயரிலிருந்து காற்றைத் திறந்துவிட்டால், வெளிவரும் காற்று ஜில்லென்று இருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். நெருங்கியிருந்த காற்று திடீரென்று விரிந்தால் குளிர்ந்துவிடும். அந்தக் காற்றில் நீராவி இருந்தால், அது துளித்துளியாகத் திரளும். மேகம் உண்டாவது இப்படித்தான்.

ஆனால் நீர்த்துளி அந்தரத்தில் தானாகத் திரளாது. ஒட்டிக்கொள்ள ஒரு பிடிப்பு வேண்டும். காற்றில் மிதக்கும் தூசுதான் அந்தப் பிடிப்பு என்று ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜான் எய்ட்கன் முன்பே கண்டுபிடித்திருந்தார். தூசு இல்லையேல் மேகம் இல்லை என்று எல்லாரும் நம்பினார்கள்.

1895-ல் வில்சன் கேம்பிரிட்ஜில் பரிசோதனையைத் தொடங்கினார். கண்ணாடி ஜாடியில் ஈரக் காற்றை அடைத்துத் தூசியை முழுவதும் நீக்கினார். காற்றைச் சட்டென்று விரியச் செய்தார். கால் பங்குக்குமேல் விரிந்ததும், தூசியே இல்லாத காற்றிலும் சில துளிகள் விழுந்தன! திரும்பத் திரும்பச் செய்தாலும் அதே துளிகள்.

துளிகள் எதைப் பற்றிக்கொண்டு திரண்டன? காற்றில் மின்சாரம் ஏறிய அணுக்கள் சில இருக்க வேண்டும் என்று வில்சன் ஊகித்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஜெர்மனியில் ராண்ட்ஜென் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். 1896-ன் தொடக்கத்தில் வில்சன் அந்தக் கதிரைத் தம் ஜாடிக்குள் செலுத்தினார். முன்பு நாலைந்து துளிகள் விழுந்த இடத்தில் இப்போது மூடுபனியே கவிந்தது. கதிர் பட்ட அணுக்களில் மின்சாரம் ஏறியது. அவற்றைச் சுற்றி நீர் திரண்டது. ஊகம் உறுதியாயிற்று.

கை நழுவிய கண்டுபிடிப்பு

மின்சாரம் ஏறிய அணுக்கள் காற்றில் எப்போதும் கொஞ்சம் இருக்கின்றன. அவற்றை உண்டாக்குவது எது? வானத்துக்கு அப்பாலிருந்து ஏதேனும் கதிர் வருகிறதா? இந்தக் கேள்வியும் வில்சனுக்குப் பிறந்தது.

1901-ல் அவர் தம் கருவியை எடுத்துக்கொண்டு, ஸ்காட்லாந்தில் பீபிள்ஸ் என்னும் ஊருக்கு அருகிலுள்ள ரயில் குகைக்கு இரவு நேரத்தில் சென்றார். வானத்திலிருந்து கதிர் வந்தால், தலைக்குமேல் இருக்கும் பாறை அதைத் தடுக்குமல்லவா? ஆனால் குகைக்குள்ளும் வெளியிலும் கருவி ஒரே மாதிரிதான் காட்டியது. கதிர் வெளியிலிருந்து வரவில்லை என்று வில்சன் முடிவு செய்துவிட்டார்.

உண்மையில் பாறைக்குள்ளேயே கதிர் வீசும் பொருள்கள் உண்டு. பாறை தடுத்த கதிரின் குறைவை, பாறை வீசிய கதிர் ஈடுசெய்துவிடும். 1912-ல் ஆஸ்திரிய நாட்டு விக்டர் ஹெஸ் பலூனில் ஏறி 5,000 மீட்டருக்குமேல் சென்றார். மேலே போகப் போகக் கதிர் அதிகமாவதைக் கண்டார். காஸ்மிக் கதிர் என்று இன்று சொல்வது அதைத்தான். ஹெஸ்ஸுக்கு 1936-ல் நோபல் பரிசு கிடைத்தது. 11 ஆண்டு முன்னதாகவே அதன் வாசல்வரை சென்று திரும்பியவர் வில்சன்.

தோன்றியது கோடு

வில்சன் சோர்ந்துவிடவில்லை. 1910-ல் மீண்டும் மேகத்துக்கே வந்தார்.

கதிர் செல்லும் வழியெல்லாம் அணுக்களில் மின்சாரத்தை ஏற்றிக்கொண்டே போகிறது. அந்த அணுக்கள் கலைவதற்குள் அவற்றின்மேல் நீர்த்துளி திரண்டால், கதிர் போன வழி ஒரு கோடாகத் தெரிய வேண்டுமல்லவா? வானத்தில் ஜெட் விமானம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், அது போன வழியில் வெண்கோடு தெரிகிறதே, அதுபோல.

சொல்லுவது எளிது, செய்வது கடினம். காற்று சுழலாமல் ஒரே சீராக விரிய வேண்டும். துளிகள் திரண்ட அந்த நொடியிலேயே பளிச்சென்று வெளிச்சம் பாய்ச்சிப் படம் எடுக்க வேண்டும். கருவிக்கு வேண்டிய கண்ணாடிப் பாகங்களை வில்சன் தம் கையாலேயே ஊதிச் செய்தார், தேய்த்துப் பொருத்தினார். பல நாள் பாடுபட்டுச் செய்தது ஒரு நொடியில் உடைந்துபோகும். கோபப்பட மாட்டார். வேறொரு கண்ணாடியை எடுத்து முதலிலிருந்து தொடங்குவார்.

1911-ன் முற்பகுதியில் பலன் கிட்டியது. ஜாடிக்குள் வெண்ணிற இழைகள் தோன்றின! ரேடியத்தின் ஆல்பா துகள் போன வழி தடித்த நேர்கோடாகத் தெரிந்தது. எலெக்ட்ரான் போன வழி மெல்லிய நூல்போல் வளைந்து நெளிந்து கிடந்தது. அணுவின் துகள் தனியே நடந்து போன சுவட்டை மனிதன் கண்டது அதுவே முதல் தடவை. பென் நெவிஸ் மலையில் நின்றபோது வில்சனுக்கு வயது 25. இப்போது 42.

உலகம் பயன்பெற்றது

"மேக அறை" எனப்படும் இந்தக் கருவி உலகெங்கும் பரவியது. கேம்பிரிட்ஜில் பிளாக்கெட் என்பவர் இதைக் கொண்டு 23,000 படங்களுக்குமேல் எடுத்தார். அவற்றில் பதிந்த 4 லட்சம் கோடுகளில் 8 கோடுகள் மட்டும் கவைபோல் பிரிந்திருந்தன. அந்த எட்டும், நைட்ரஜன் அணு ஆக்ஸிஜன் அணுவாக மாறியதற்குச் சாட்சியாயின. 1932-ல் அமெரிக்காவில் ஆண்டர்சன், மேக அறையில் கண்ட ஒரு கோட்டிலிருந்து பாசிட்ரான் என்னும் புதுத் துகளைக் கண்டுபிடித்தார். இருவருமே பின்னர் நோபல் பரிசு பெற்றார்கள்.

வில்சனுக்கு 1927-ல், அமெரிக்க விஞ்ஞானி காம்ப்டனுடன் சேர்த்து, நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1925 முதல் 1934 வரை அவர் கேம்பிரிட்ஜில் பேராசிரியராகப் பணியாற்றினார்.

இத்தனை புகழ் பெற்றும் அவர் கூச்ச சுபாவம் மாறவில்லை. மேடையில் மெல்லிய குரலில் தயங்கித் தயங்கித்தான் பேசுவார். அவருக்கு விருப்பமானது மலை ஏறுவதும் மேகத்தைப் பார்ப்பதும்தான்.

முதுமையில் பிறந்த மண்ணுக்கே திரும்பி, கார்லாப்ஸ் என்ற சிற்றூரில் வசித்தார். 86-வது வயதில், வானிலை படிக்கும் மாணவர்களோடு விமானத்தில் ஏறி மேகங்களைப் பார்த்து வந்தார். 1956-ல், 87 வயதில், இடிமேகத்தின் மின்சாரம் பற்றிய தம் கடைசிக் கட்டுரையை லண்டன் ராயல் சங்கத்தில் வெளியிட்டார். 1959-ம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி, 90-வது வயதில் காலமானார்.

மேக அறைக்குப் பின் எத்தனையோ புதிய கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும் இன்றும் பள்ளி மாணவர்கள் ஒரு கண்ணாடிப் பெட்டி, கொஞ்சம் ஆல்கஹால், உலர் பனிக்கட்டி ஆகியவற்றைக் கொண்டு எளிய மேக அறை செய்து பார்க்கிறார்கள். இருட்டறையில் விளக்கொளியைப் பாய்ச்சிச் சற்றுப் பொறுமையோடு காத்திருந்தால் வெண்கோடுகள் தோன்றி மறையும். அவற்றில் சில, ரயில் குகையில் வில்சன் தேடிய அதே காஸ்மிக் கதிரின் சுவடுகள்.