எமில் வான் பெரிங்

எமில் அடோல்ஃப் வான் பெரிங் (மார்ச் 15, 1854 - மார்ச் 31, 1917) ஜெர்மனியைச் சேர்ந்த மருத்துவரும் நோயெதிர்ப்பியல் முன்னோடியும் ஆவார். குழந்தைகளைப் பெருமளவில் பலிகொண்ட தொண்டை அடைப்பான் எனும் டிப்தீரியா நோய்க்குக் குருதிநீர் மருத்துவத்தை உருவாக்கியவர். மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு 1901 ஆம் ஆண்டில் இவருக்கு வழங்கப்பட்டது.

இளமை

தற்போது போலந்தில் உள்ள ஹான்ஸ்டோர்ஃப் எனும் சிற்றூரில் பிறந்தார். இவரது தந்தை பள்ளி ஆசிரியர். அவருக்கு 13 பிள்ளைகள். பல்கலைக்கழகச் செலவை ஏற்கக் குடும்பத்தால் இயலாததால், 1874 இல் பெர்லின் இராணுவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் படை மருத்துவராகப் பணியாற்றி, 1889 இல் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் இணைந்தார்.

குருதிநீர் மருத்துவம்

டிப்தீரியா பாக்டீரியா தொண்டையில் தங்கி நச்சுப்பொருளை வெளியிடுகிறது. அதனால் தொண்டையில் படலம் உருவாகி மூச்சு அடைபடும். குருதியில் கலக்கும் நச்சு இதயத்தைத் தாக்கும். நோயெதிர்ப்புப் பெற்ற விலங்கின் குருதிநீர் நச்சைச் செயலிழக்கச் செய்யும் என்பதைப் பெரிங்கும் ஜப்பானிய அறிஞர் கிட்டாசாட்டோ ஷிபாசபுரோவும் 1890 டிசம்பரில் வெளியிட்டனர். அக்கட்டுரை டிப்தீரியா, ஏற்புவலி ஆகிய இரு நோய்களையும் பற்றியது. குருதிநீரின் வீரியத்தை அளவிடும் முறையைப் பவுல் எர்லிக் வகுத்தார். 1894 முதல் மருந்து தொழிற்சாலையில் தயாரிக்கப்பட்டது.

நோபல் பரிசு பெரிங்குக்கு மட்டுமே கிடைத்தது. கிட்டாசாட்டோவுக்குப் பங்கு அளிக்கப்படவில்லை.

தடுப்பு மருந்தை நோக்கி

குருதிநீர் மருத்துவத்துக்கு எல்லைகள் இருந்தன. உயிரணுக்களுள் ஏற்கெனவே புகுந்துவிட்ட நச்சை அது நீக்காது. ஆகையால் நோய் கண்டவுடனேயே செலுத்த வேண்டும். அது தரும் பாதுகாப்பும் சில வாரங்களே நீடிக்கும். உடல் தானே எதிர்ப்பை உண்டாக்கினால்தான் நிலைத்த பாதுகாப்புக் கிடைக்கும். இதற்காக நச்சையும் எதிர்நச்சையும் கலந்த தடுப்பு மருந்தை 1913 இல் பெரிங் அறிவித்தார். காசநோய்க்குத் தடுப்பு மருந்து காண இவர் மேற்கொண்ட முயற்சிகள் வெற்றி பெறவில்லை.

மறைவும் தாக்கமும்

முதல் உலகப்போரில் இவரது ஏற்புவலி எதிர்நச்சு காயமுற்ற வீரர்கள் பலரைக் காத்தது. போர் முடியுமுன் மார்பர்க் நகரில் காலமானார். 1923 இல் பிரான்சின் காஸ்டன் ரமோன், நச்சைப் பார்மலினால் வீரியமிழக்கச் செய்து பாதுகாப்பான தடுப்பு மருந்தை ஆக்கினார். இந்தியாவில் குழந்தைகளுக்கு 6, 10, 14 ஆவது வாரங்களில் இடப்படும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் டிப்தீரியா, ஏற்புவலி ஆகியவற்றுக்கான மருந்துகளும் அடங்கும். தடுப்பூசி குறையும் இடங்களில் டிப்தீரியா மீண்டும் பரவுகிறது. அப்போது நோயுற்றோருக்கு இன்றும் குதிரைக் குருதிநீரிலிருந்து பெறும் எதிர்நச்சே அளிக்கப்படுகிறது.