பூஜையறைக்கு வந்த திருமகள்

வெள்ளிக்கிழமை காலை. தலைக்குக் குளித்து, வாசலில் கோலமிட்டு, விளக்கேற்றி, மகாலட்சுமி படத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறீர்கள். தாமரை மேல் புடவை உடுத்தி நிற்கும் அன்னை. அருகே மாலை ஏந்திய யானை. உங்கள் பாட்டி வீட்டிலும் இதே படம்தான் இருந்திருக்கும். இந்தத் திருக்கோலத்தை 1896-ல் வண்ணத்தில் வடித்த கை யாருடையது தெரியுமா? ராஜா ரவிவர்மாவுடையது!

திருவிதாங்கூரில் உள்ள கிளிமானூர் அரண்மனையில், 1848 ஏப்ரல் 29-ஆம் தேதி பிறந்தார் ரவிவர்மா. தாய் உமயாம்பா பாய், பார்வதி சுயம்வரத்தைத் துள்ளல் பாட்டாக இயற்றியவர். தாய்மாமன் ராஜராஜ வர்மா, தஞ்சாவூர் பாணி ஓவியம் அறிந்தவர். தாயிடம் புராணக் கதை, மாமனிடம் தூரிகை... குழந்தைக்கு வேறென்ன வேண்டும்?

அரண்மனைச் சுவர்களில் கரித்துண்டால் யானையும் பறவையுமாக வரைந்து தள்ளினானாம் சிறுவன். வேலைக்காரர்கள் முறையிட்டார்கள். மாமனோ, அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டு மருமகனைத் தன் அருகில் உட்கார வைத்துக்கொண்டார். வீட்டுச் சுவரில் கிறுக்கும் உங்கள் பிள்ளையைத் திட்டும் முன், ஒரு நிமிடம் இதை நினைத்துக்கொள்ளுங்கள்!

14-ஆம் வயதில் மாமனோடு திருவனந்தபுரம் வந்தார். மகாராஜா ஆயில்யம் திருநாள் ஆதரித்தார். ஆனால், எண்ணெய் வண்ண நுட்பத்தைச் சொல்லித் தர அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கருக்கு மனம் வரவில்லை. 1868-ல் வந்த வெளிநாட்டு ஓவியர் தியோடர் ஜென்சனும், தாம் வரைவதைப் பார்த்துக்கொள்ள மட்டுமே அனுமதித்தார். பார்த்துப் பார்த்தே கற்றார் ரவிவர்மா.

ஓவியத்தையே வாழ்க்கையாகக் கொள்வதா? அரச குடும்பத்தில் பிறந்தவர் கூலி வாங்கி வரைவதா? மனம் ஊசலாடியபோது அவர் சென்ற இடம், கொல்லூர் மூகாம்பிகை சந்நிதி. 1870-ல் அங்கே 41 நாட்கள் பஜனமிருந்தார். மலையாள தேசத்தில் அதுதான் ஒரு மண்டலம். அன்னையிடம் விடை பெற்றுத் திரும்பும் வழியில், கோழிக்கோட்டில் ஒரு நீதிபதியின் குடும்பத்தை வரையும் வாய்ப்பு வந்தது. பணம் பெற்று அவர் செய்த முதல் பணி அதுவே என்பார்கள். மூன்றே ஆண்டுகளில், 1873-ல், சென்னைக் கண்காட்சியில் முதல் பரிசு!

அதன் பிறகு ஓய்வு ஏது? பரோடா, மைசூர், பம்பாய் என்று ஊர் ஊராகப் பயணம். நிழலாக உடன் சென்றவர் தம்பி ராஜராஜ வர்மா. படங்களின் பின்னணியில் மலையையும் நீரையும் தம்பி தீட்டுவார். கணக்கு வழக்கு, கடிதப் போக்குவரத்தும் அவர் பொறுப்பே. மனைவி பகீரதி பாய், பிள்ளைகளோடு மாவேலிக்கரையில் இருந்தார். ஊர் முழுக்கக் கணவர் புகழ் பாடியது. வீட்டில் அவரைக் கண்ட நாட்களோ குறைவு. 1891-ல் அந்த அம்மையார் காலமானார். கலைக்காக அந்தக் குடும்பம் கொடுத்த விலை இது. நாம் அதையும் மறக்கக் கூடாது.

திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த, நம் கும்பகோணத்தில் பிறந்த சர் டி.மாதவராவ் ஓர் யோசனை சொல்லியிருந்தார். ஒரு படம் ஓர் அரண்மனையில்தான் தொங்கும். அச்சிட்டால் ஊரெல்லாம் போகுமே! 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார் ரவிவர்மா. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி கல்லில் படம் எழுதி, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடும் முறை அது. லட்சுமியும் சரஸ்வதியும் காகிதத்தில் ஏறி வீடு வீடாக வந்தார்கள். செட்டிநாட்டு வீடுகளில் அந்தப் படங்களுக்கு ஜரிகையும் சமிக்கியும் ஒட்டி, அன்னைக்கு நிஜப் புடவையே கட்டி அழகு பார்த்தார்கள்.

அச்சகத்தால் அவருக்குச் செல்வம் சேரவில்லை. பிளேக் நோய் பரவியது, கடன் ஏறியது. 1901-ல் ஜெர்மானியரான ஃபிரிட்ஸ் ஷ்லைஷருக்கு அதை விற்றுவிட்டார். உலகத்துக்கே லட்சுமியைக் கொடுத்தவர் வீட்டில் லட்சுமி தங்கவில்லை! 1905 ஜனவரியில் தம்பியும் மறைந்தார். வலக்கை போனது போல் ஆனார் அண்ணன். மறு ஆண்டு, 1906 அக்டோபர் 2-ஆம் தேதி, பிறந்த கிளிமானூரிலேயே அவர் உயிர் பிரிந்தது.

கதை இங்கே முடியவில்லை, வாசகியரே! அந்த நாளில் கோயில் வாசலை மிதிக்கவே அனுமதிக்கப்படாத மக்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். சந்நிதியில் நின்று அன்னையின் முகம் பார்க்க முடியாத அவர்களும், காகிதப் படத்தில் அந்த முகத்தைக் கண்டு கைகூப்ப முடிந்தது.

1900-ல் ரவிவர்மாவின் இரு பேத்திகள் திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான சேது பார்வதி பாயின் மகன்தான் மகாராஜா சித்திரைத் திருநாள். 1936 நவம்பர் 12-ஆம் தேதி, திருவிதாங்கூர் அரசின் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டவர் அவர்தான். கொள்ளுத்தாத்தா தெய்வத்தை மக்களிடம் அனுப்பினார். கொள்ளுப்பேரன் மக்களைத் தெய்வத்திடம் அழைத்தார்!

வரும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது, அந்தப் படத்தை ஒரு கணம் கூடுதலாகப் பாருங்கள். அன்னையை வணங்குங்கள். அவளை நம் வீட்டுக்கு அழைத்து வந்த கையையும், அந்தக் கைக்காகக் காத்திருந்த குடும்பத்தையும் நன்றியோடு நினையுங்கள்.